எங்கள் போட்டோக்கள் யாருடைய வீட்டில் இருக்கின்றன? வீட்டுச் சேர்வரின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் சந்தையில் வைத்து ஒரு காக்கா என்னை மறித்தார். "சேர், பாடசாலை மலருக்கெண்டு எங்கட வாப்பாட போட்டோ ரெண்டு தந்தேனே, அத ஒருக்கா என்ட போனுக்கு அனுப்பி விடுவீங்களா? எங்கட கையில இப்ப ஒண்டும் இல்ல" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. "பாத்துச் சொல்றேன் காக்கா" என்று சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த மனிதருக்கு நேரில் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2016இல் நான் கலாசாலை முடித்துப் பாடசாலைக்கு வந்த புதிது. ஆண்டு நிறைவு மலருக்காகப் பழைய போட்டோக்கள் தேடினோம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன ஊர் இது. ஆல்பம் தப்பிய வீடுகள் குறைவு. உயர்தர மாணவர்கள் நாலு பேரோடு வீடு வீடாக ஏறி இறங்கினோம். தண்ணீர் பட்டு ஓரம் கரைந்த போட்டோ, பழைய ஆசிரியர்கள் வரிசையாக நிற்கும் போட்டோ, பழைய ஓலைக் கட்டடம், முதலாவது இல்ல விளையாட்டுப் போட்டி என்று கிடைத்ததையெல்லாம் ஸ்கேன் பண்ணி, அசலை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தோம். ஸ்கேன் பண்ணியதை இணையத்தில் ஓர் இலவசக் கணக்கில் ஏற்றி வைத்தோம். "அங்க இருந்தா அழியாது" என்று எல்லோருக்கும் சொன்னவனும் நான்தான்.

அந்தக் கணக்கைத் திறக்கக் கொடுத்தது அப்போது எங்களோடு இருந்த ஒரு ஆசிரியரின் போன் நம்பர். அவர் வெளிநாடு போனார், நம்பர் செத்தது. சில வருடம் கழித்துக் கணக்குக்குள் போகப் பார்த்தால், "நீங்கள்தான் உரிமையாளர் என்று நிரூபியுங்கள்" என்று கேட்டது. நிரூபிக்கக் கேட்ட இரகசிய இலக்கம் அந்தச் செத்த நம்பருக்குத்தான் போகும். எழுதிப் பார்த்தோம். மனிதர் எழுதிய பதில் ஒன்றுகூட வரவில்லை. எந்தக் கம்பனி என்பது இங்கே தேவையில்லை, எதில் வைத்திருந்தாலும் இது நடந்திருக்கும். ஸ்கேன் பண்ணிய மடிகணனியின் ஹார்ட் டிஸ்க் அதற்கு முன்னரே பழுதாகிவிட்டது. மிஞ்சியது மலரில் முத்திரை அளவில் அச்சான கறுப்பு வெள்ளைப் படங்கள் மட்டும்.

அமானிதமாகத் தந்த பொருளை நான் இன்னொருவரின் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அந்த வீட்டுச் சாவி என்னிடம் இல்லை என்பது சாவி தேவைப்பட்ட அன்றுதான் தெரிந்தது.

அதன் பிறகு ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. ஓர் ஊரின் போட்டோக்களை அந்த ஊரிலேயே ஒரு பெட்டியில் வைத்து, எல்லோரும் போனில் பார்க்கும்படி செய்ய முடியாதா? தேடிப் பார்த்தால், இதே கேள்வியைக் கேட்டவர்களுக்கு ஒரு வரலாறே இருக்கிறது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

*சேர்வர் என்றால் மாளிகை இல்லை*

சேர்வர் என்றதும் குளிரூட்டிய மண்டபத்தில் அடுக்கடுக்காக நிற்கும் இயந்திரங்கள்தான் நமக்கு நினைவுக்கு வரும். உண்மையில் சேர்வர் என்பது ஒரு வேலையின் பெயர். கேட்பவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் எந்தக் கணனியும் சேர்வர்தான்.

உலகத்தின் முதலாவது வெப் சேர்வர் ஒரு மேசையில்தான் இருந்தது. 1990இல் சுவிற்சர்லாந்தின் சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ் லீ தன்னுடைய நெக்ஸ்ட் கணனியில் அதை ஓட்டினார். யாராவது தெரியாமல் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, இது சேர்வர், நிறுத்த வேண்டாம் என்ற பொருளில் சிவப்பு மையில் எழுதி அதிலே ஒட்டியும் வைத்தார். இன்று கோடிக்கணக்கான இணையத்தளங்கள் செய்யும் வேலையை அன்று செய்தது மேசையில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டி.

இணையத்தின் அடிப்படை அமைப்பும் அப்படித்தான். அதில் இணைந்த ஒவ்வொரு கணனிக்கும் ஒரு முகவரி உண்டு. எந்த முகவரியிலிருந்தும் எந்த முகவரிக்கும் பேசலாம். கொடுப்பவன், வாங்குபவன் என்று பிறப்பிலேயே ஒரு பிரிவு அதில் கிடையாது.

*வக்ஃப் போல ஒரு மென்பொருள்*

பெட்டி மட்டும் இருந்தால் போதாது. அதை ஓட்ட மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருளில் யாருக்கு உரிமை என்ற கேள்வி இதைவிடப் பழையது.

1983 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டோல்மன், யாரும் பயன்படுத்தவும் உள்ளே திறந்து பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஓர் இயங்குதளத்தை எழுதப்போவதாக அறிவித்தார். அதன் பெயர் க்னூ. அவர் செய்த பெரிய வேலை மென்பொருள் மட்டுமல்ல, 1989இல் வெளிவந்த ஜீ.பி.எல். என்ற உரிமமும்தான். அதன் சாரம் இதுதான்: இந்த மென்பொருளை எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது உங்களுக்குக் கிடைத்த அதே உரிமைகளோடுதான் கொடுக்க வேண்டும். பூட்டி வைக்க முடியாது.

வகுப்பில் இதை விளங்கப்படுத்தும்போது நான் வக்ஃப் கிணற்றைத்தான் உதாரணமாகச் சொல்வேன். வெட்டியவரும் குடிக்கலாம், வழிப்போக்கனும் குடிக்கலாம். யாரும் வேலி போட்டு என்னுடையது என்று சொல்ல முடியாது. ஒப்பீடு முழுவதும் பொருந்தாது, ஆனால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வல்ட்ஸ் லினக்ஸை எழுதினார். அடுத்த வருடம் அதை ஜீ.பி.எல். உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். 1993 ஆகஸ்டில் இயன் மர்டொக் என்ற இன்னொரு மாணவர் டெபியன் திட்டத்தைத் தொடங்கினார். லினக்ஸையும் க்னூவையும் ஆயிரக்கணக்கான மென்பொருட்களையும் ஒன்றாகக் கோர்த்து, தொண்டர்களே பராமரிக்கும் ஒரு முழுமையான இயங்குதளம் அது. 1995இல் அப்பாச்சி வெப் சேர்வர் வந்தது.

ஆக, தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலேயே ஒருவர் தன் வீட்டில் சேர்வர் வைக்கத் தேவையான மென்பொருள் எல்லாம் இலவசமாகவும் சுதந்திரமாகவும் இருந்தது. அப்படியானால் ஏன் நம் வீடுகளுக்குள் அது வரவில்லை?

*சேர்வர் வீட்டை விட்டுப் போன விதம்*

யாரும் பறித்துக்கொண்டு போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நாமே அனுப்பிவைத்தோம்.

முதலாவது காரணம் இணைப்பு. அன்று டயல் பண்ணித்தான் இணையத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு முகவரி. கடை தினமும் இடம் மாறினால் வாடிக்கையாளர் எப்படி வருவார்? பிறகு அகலப்பட்டை வந்தது. அதிலும் வாங்கும் வேகம் கூட, கொடுக்கும் வேகம் குறைவு.

இரண்டாவது, சாதாரண வீட்டுக் கணனிகள் வாங்கிக்கொள்வதற்கு மட்டும் ஏற்றபடி பழக்கப்படுத்தப்பட்டன. லினக்ஸில் சேர்வர் அமைப்பது என்றால் கறுப்புத் திரையில் கட்டளை தட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் பெரியது: இலவசம். 2004 ஏப்ரல் 1இல் ஜீமெயில் வந்தபோது ஒருவருக்கு 1 ஜீ.பி. இடம் தருவதாகச் சொன்னது. அப்போது ஹொட்மெயில் தந்தது 2 எம்.பி., யாஹூ 4 எம்.பி. ஏப்ரல் முதலாம் திகதி என்பதால் பலர் பகிடி என்றே நினைத்தார்கள். அதே வருடம் பெப்ரவரியில் முகநூலும் தொடங்கியிருந்தது. இவ்வளவு இடத்தை எவனோ சும்மா தரும்போது வீட்டில் பெட்டி வைத்து யார் மினக்கெடுவார்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் பெரிய கம்பனிகளின் சேர்வர்கள் ஓடுவதும் லினக்ஸில்தான். சும்மா தந்த கிணற்றுத் தண்ணீரை அள்ளித்தான் அவர்கள் தொழில் செய்தார்கள். ஜீ.பி.எல். அதைத் தடுக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் மென்பொருளை யாருக்கும் கொடுக்கவில்லை. தங்கள் இயந்திரத்திலேயே ஓட்டி, அதன் சேவையை மட்டும் கொடுத்தார்கள். இந்த ஓட்டையை அடைக்க 2007இல் ஏ.ஜீ.பி.எல். என்ற உரிமத்தின் புதிய வடிவம் வந்தது. சேவையாகக் கொடுத்தாலும் மூலநிரலைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

அதே 2007இல் மைக்ரோசொப்ட் கம்பனியும் வீட்டுச் சேர்வர் ஒன்றை விற்க வந்தது. வீட்டுக்குள் எதற்கு சேர்வர் என்று விளக்கச் சிறுவர் கதைப் புத்தகம் போல ஒன்றைக்கூடப் பகிடியாக அச்சிட்டார்கள். சனங்கள் எடுபடவில்லை. சில வருடங்களில் அந்தப் பொருளையே நிறுத்திவிட்டார்கள்.

இலவச இடங்களின் மறுபக்கமும் அந்த நாட்களிலேயே தெரிய ஆரம்பித்தது. தொண்ணூறுகளில் இலட்சக்கணக்கானோர் தங்கள் முதல் இணையப் பக்கத்தை வைத்திருந்த ஜியோசிட்டீஸ் தளத்தை 2009 ஒக்டோபரில் யாஹூ மூடியது. பாதுகாப்பாளர்கள் சிலர் இரவு பகலாகப் பிரதி எடுத்தபடியால் ஒரு பகுதி தப்பியது. மற்றது போனது போனதுதான்.

*ஒரு சட்டப் பேராசிரியரின் பேச்சு*

2010 பெப்ரவரியில் நியூயோர்க்கில் ஒரு கூட்டம். பேசியவர் எபென் மொக்லன், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர். ஸ்டோல்மனின் அமைப்புக்கு நீண்டகாலம் சட்ட ஆலோசகராக இருந்தவர். ஜீ.பி.எல். உரிமத்தின் மூன்றாம் வடிவத்தை எழுதுவதிலும் அவருக்குப் பங்குண்டு.

அவருடைய வாதத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். இணையம் சமமானவர்களின் வலையாகத்தான் கட்டப்பட்டது. ஆனால் நாம் அதைச் சில பெரிய வீடுகளும் கோடிக்கணக்கான கையேந்திகளும் கொண்ட ஒன்றாக மாற்றிவிட்டோம். யார் யாரோடு பேசினார்கள், எத்தனை மணிக்கு, எந்தப் படத்தைப் பார்த்தார்கள் என்ற குறிப்பேடு முழுவதும் அந்தப் பெரிய வீடுகளில் சேர்கிறது. இதற்குச் சட்டம் மட்டும் மருந்தாகாது, அமைப்பையே மாற்ற வேண்டும். குறிப்பேடு நம் வீட்டில் இருந்தால், அதைப் பார்க்க வருபவர் நம் கதவைத்தான் தட்ட வேண்டும்.

அவர் சொன்ன தீர்வு மிகச் சிறிய ஒரு பெட்டி. போன் சார்ஜர் போலச் சுவரில் செருகக்கூடிய கணனிகள் அப்போது சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. 2009இல் வந்த ஷீவாபிளக் 99 டொலர். மின்சாரம் மிகக் குறைவாகவே எடுக்கும். அதில் சுதந்திர மென்பொருட்களைப் போட்டு, வாங்கிச் செருகினால் வேலை செய்யும்படி கொடுக்க வேண்டும் என்றார். அதற்கு அவர் வைத்த பெயர் ஃப்ரீடம்பொக்ஸ். சுதந்திரப் பெட்டி.

அந்தப் பேச்சு உடனே ஒரு பிள்ளையைப் பெற்றது. அதைக் கேட்டு உந்தப்பட்ட நியூயோர்க் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர், முகநூலுக்கு மாற்றாக டயஸ்பொரா என்ற ஒன்றைச் செய்யப்போவதாக அறிவித்து 10,000 டொலர் கேட்டார்கள். 2,00,000 டொலருக்கு மேல் சேர்ந்தது. எதிர்பார்ப்பு பெரிது, அனுபவம் சிறிது. நால்வரில் ஒருவர் 2011இல் இள வயதிலேயே காலமானார். 2012இல் திட்டத்தைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார்கள். அது முகநூலை வீழ்த்தவில்லை. ஆனால் இன்னும் உயிரோடு இருக்கிறது.

2010 ஆகஸ்டில் டெபியன் தொண்டர்களின் வருடாந்த மாநாடு கொலம்பியா பல்கலைக்கழகத்திலேயே நடந்தது. மொக்லன் அங்கும் போய்ப் பேசினார். பெட்டிக்கு உயிர் கொடுக்கக் கூடியவர்கள் அந்த மண்டபத்தில்தான் இருந்தார்கள்.

*2011: ஒரு வாரத்தில் மூன்று செய்திகள்*

2011 ஜனவரி 28ஆம் திகதி அளவில் எகிப்து அரசாங்கம் நாட்டின் இணையத்தையே ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்தியது. சில நாட்கள் அப்படியே கிடந்தது. பெப்ரவரி 3இல் இணையத்தின் பழைய முறை முகவரிகளில் மீதமிருந்த கடைசித் தொகுதிகள் உலகின் பிராந்திய அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. மத்திய களஞ்சியம் காலி. அதே நாட்களில்தான் மொக்லன் ஃப்ரீடம்பொக்ஸ் பவுண்டேஷனைத் தொடங்கினார்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். முதலாவது செய்தி பெட்டியின் தேவையைச் சொன்னது. இரண்டாவது, அதன் வழியில் வரப்போகும் பெரிய தடையைச் சொன்னது. அதற்குப் பிறகு வருவேன்.

பவுண்டேஷன் பொதுமக்களிடம் 60,000 டொலர் கேட்டது. ஒரு வாரம் ஆக முன்னரே சேர்ந்தது. மாத முடிவில் சுமார் ஆயிரம் பேரிடமிருந்து 86,000 டொலருக்கு மேல். தொழில்நுட்பப் பொறுப்பை டெபியனின் முன்னாள் தலைவர் பிடேல் கார்பி ஏற்றார்.

பெட்டி உடனே வரவில்லை. வருடங்கள் சென்றன. தேர்ந்தெடுத்த குட்டிக் கணனியின் வைஃபை பகுதிக்கு மூலநிரல் பூட்டிய மென்பொருள் தேவைப்பட்டது. சுதந்திரப் பெட்டிக்குள்ளேயே ஒரு பூட்டா என்ற விவாதம் வந்தது. உற்சாகம் வடிந்தது. கேலி செய்தவர்களும் உண்டு.

ஆனாலும் சிலர் விடவில்லை. இது முழுக்க டெபியனுக்குள்ளேயே இருக்க வேண்டும், தனியாக ஒரு பொருளாகச் செய்தால் செய்பவர் களைத்ததும் செத்துவிடும் என்று முடிவெடுத்தார்கள். அதுதான் அந்தத் திட்டத்தைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். டெபியன் வாழும்வரை பெட்டியும் வாழும். கறுப்புத் திரைக் கட்டளைகளுக்குப் பதிலாக, உலாவியில் திறந்து பொத்தான் அழுத்தும் ஒரு பக்கத்தைச் செய்தார்கள். கோப்புப் பகிர்வு, நாட்காட்டி, உரையாடல், விக்கி, பிரதியெடுப்பு என்று வேண்டியதைத் தட்டினால் தானாகவே நிறுவிக்கொள்ளும்.

2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், மொக்லன் மூன்று வருடம் முன்பு சொன்னது வெறும் பயமுறுத்தல் அல்ல என்று காட்டின. பெரிய வீடுகளின் குறிப்பேடுகளை உளவுத்துறை வாசித்துக்கொண்டிருந்தது.

அதே காலத்தில் வேறு வாய்க்கால்களும் வந்து சேர்ந்தன. 2012 பெப்ரவரி 29இல் பிரித்தானியாவில் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணனி 35 டொலருக்கு வந்தது. ஜேர்மனியின் ஃப்ராங்க் கார்லிட்செக் 2010இல் தொடங்கிய ஓன்கிளவுட், 2016இல் அவரே பிரிந்து தொடங்கிய நெக்ஸ்ட்கிளவுட் இரண்டும் போட்டோ, கோப்பு, நாட்காட்டி எல்லாவற்றையும் சொந்தச் சேர்வரில் வைக்க வழி செய்தன. பிரான்ஸில் யுனோஹோஸ்ட் வந்தது. 2015 முடிவில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு, காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த பாதுகாப்புச் சான்றிதழ்களை எல்லோருக்கும் இலவசமாக்கியது.

*தெலுங்கானாவின் கிராமங்களில்*

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்தியாவின் தெலுங்கானாவில் ஸ்வேச்சா என்ற சுதந்திர மென்பொருள் இயக்கம் உண்டு. அதனோடு தொடர்புடைய தொண்டர்கள் வாரங்கல் பகுதியின் கங்காதேவிப்பள்ளி போன்ற கிராமங்களில் ஃப்ரீடம்பொக்ஸை வைத்து ஊர் வைஃபை நடத்தினார்கள். ஓர் இணைப்பை ஊரே பகிர்ந்துகொள்ளும், பெட்டி ஊருக்குள்ளேயே இருக்கும்.

நியூயோர்க்கில் ஒரு பேராசிரியர் தனிமனிதரின் இரகசியத்துக்காகக் கேட்ட பெட்டி, இங்கே ஓர் ஊரின் பொதுச் சொத்தாக மாறியது. நம்மைப் போன்ற ஊர்களுக்கு இந்த இரண்டாவது உருவம்தான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது.

2019 ஏப்ரலில் பல்கேரியாவின் ஒலிமெக்ஸ் நிறுவனம், எல்லாம் தயார் செய்த பெட்டியை 82 யூரோவுக்கு விற்கத் தொடங்கியது. மின்சாரம் போனால் தாங்க ஒரு சிறிய பற்றரியும் சேர்த்தி. பேச்சிலிருந்து கடைக்கு வர ஒன்பது வருடம்.

*நம் நாட்டில்*

அந்த 2019 ஏப்ரல் நமக்கு எப்படிப்பட்ட மாதம் என்று சொல்லத் தேவையில்லை. 21ஆம் திகதித் தாக்குதலுக்குப் பிறகு சமூக ஊடகங்கள் ஒன்பது நாளளவில் முடக்கப்பட்டன. அதற்கு முந்திய வருடம் மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது சுமார் ஒரு வாரம் முடக்கினார்கள். 2022 ஏப்ரல் 3இல் இன்னொரு தடவை, ஒரு நாளுக்குள் திறந்துவிட்டார்கள்.

2018ஐ யோசித்துப் பாருங்கள். எங்களுக்கு எதிரான வெறுப்பைச் சுமந்து திரிந்ததும் முகநூல்தான். 2020இல் அந்தக் கம்பனியே தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது. முடக்கிய பிறகு, கண்டியில் படிக்கும் பிள்ளை பத்திரமா என்று தாய்மார் விசாரிக்க முடியாமல் போனதும் அதே கதவு மூடியபடியால்தான். தீயும் அந்த வழியால் வந்தது, தண்ணீரும் அந்த வழியால்தான் வர வேண்டியிருந்தது. ஓர் ஊரின் பேச்சு முழுவதும் ஒரே கதவால் போய்வந்தால் இதுதான் நடக்கும்.

சுதந்திர மென்பொருள் நமக்குப் புதிதும் இல்லை. சுனாமி வந்த அடுத்தடுத்த நாட்களிலேயே இலங்கையின் கணனித் தொண்டர்கள் காணாமல் போனோரையும் முகாம்களையும் பதிய சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். அது பிறகு பாகிஸ்தான், ஹெயிட்டி பூகம்பங்களிலும் பயன்பட்டது. 2006இல் ஸ்டோல்மனின் அமைப்பு சமூக நன்மைக்கான விருதைக் கொடுத்தது. நம் தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் 2005இலிருந்து எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் திட்டத்தின் தளமும் விக்கிப்பீடியாவை ஓட்டும் அதே சுதந்திர மென்பொருளில்தான் நடக்கிறது. கிணற்றில் நாமும் தண்ணீர் இறைத்திருக்கிறோம், ஊற்றியும் இருக்கிறோம்.

*குறைகளையும் சொல்ல வேண்டும்*

ஆசிரியன் என்ற முறையில் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் பிழை.

முதலாவது அந்த முகவரிப் பஞ்சம். முகவரி முடிந்தபடியால் பல இணைய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்து கொடுக்கின்றன. உள்ளே இருந்து வெளியே போகலாம், வெளியே இருந்து உங்கள் பெட்டியைத் தேடி வர முடியாது. புதிய முறை முகவரி, வெளியே ஒரு சிறிய இடைத்தரகுச் சேர்வர், டோர் வலையமைப்பு என்று மாற்று வழிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மினக்கெட வேண்டும்.

இரண்டாவது கரண்ட். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை.

மூன்றாவதுதான் பெரியது. வீட்டில் இருப்பதால் மட்டும் பத்திரம் என்று அர்த்தமில்லை. ஆல்பங்களும் வீட்டில்தான் இருந்தன, கடல் வந்தது. ஒரே பெட்டி, ஒரே டிஸ்க் என்றால் நான் 2016இல் செய்த அதே பிழைதான் திரும்பவும். ஒரு பிரதி பெட்டியில், ஒன்று வேறு டிஸ்கில், ஒன்று கடலுக்குத் தூரமான வேறு ஊரில். மூன்று இடத்தில் இல்லாததை இல்லை என்றே எண்ணிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, பெட்டிக்கு ஒரு ஆள் வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். அந்த ஆள் மாறிப் போனால் அடுத்தவருக்குச் சாவி கைமாற வேண்டும். எங்களுக்கு நடந்த பிழையின் வேர் கம்பனி மட்டுமல்ல. ஊரின் பொருளை ஒரு தனி மனிதரின் போன் நம்பரில் வைத்தது நாங்கள்தான்.

*இப்போது செய்திருப்பது*

ஆறு மாதத்துக்கு முன் கைவிடப்பட்ட ஒரு பழைய மடிகணனியில் டெபியன் போட்டு ஃப்ரீடம்பொக்ஸ் நிறுவினேன். திரை உடைந்த கணனி, சேர்வருக்குத் திரை தேவையில்லை. பற்றரி இன்னும் ஒரு மணித்தியாலம் தாங்குகிறது, சின்ன மின்வெட்டுகளுக்கு அது போதும். வெளி இணையத்துக்கு நான் இன்னும் திறக்கவில்லை. பாடசாலை வைஃபைக்குள் மட்டும் ஓடுகிறது. இணையமே இல்லாத நாளிலும் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களை அதிலிருந்து போனில் இறக்குகிறார்கள். டேட்டா காசு இல்லை.

கணக்கு என் பெயரில் இல்லை. கடவுச்சொல் எழுதி ஒட்டிய உறை அதிபரின் அலுமாரியில் ஒன்று, பழைய மாணவர் சங்கச் செயலாளரிடம் ஒன்று. இரண்டாவது டிஸ்க் பள்ளிவாசல் காரியாலயத்தில். மூன்றாவது பிரதி மலைநாட்டில் கற்பிக்கும் என் கலாசாலை நண்பரிடம்.

இனிக் கேட்க வந்தது. 2016இல் எங்களுக்குப் போட்டோ தந்தவர்கள், உங்களிடம் அசல் இன்னும் இருந்தால் தயவுசெய்து இன்னொரு தடவை தாருங்கள். மலர்ப் பிரதி நல்ல நிலையில் வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள். மாணவர்களோடு நானே வீட்டுக்கு வருகிறேன். இந்தத் தடவை ஸ்கேன் பண்ணிய அன்றே ஒரு பிரதியைப் பென் டிரைவில் உங்கள் கையிலும் தந்துவிட்டுத்தான் வருவேன்.

சந்தையில் மறித்த காக்காவுக்கு: உங்கட வாப்பாட போட்டோ என்னிடம் இல்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். மலரில் ஆசிரியர் குழுப் படத்தில் இரண்டாவது வரிசையில் அவர் நிற்கிறார். அந்தப் பக்கத்தை முடிந்தளவு தெளிவாக ஸ்கேன் பண்ணி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு கொண்டுவந்து தருகிறேன்.

தெரிந்தவர்களுக்குப் பகிருங்கள். கணனி தெரிந்த தம்பி தங்கைகள் யாராவது மாதத்துக்கு ஒரு மணித்தியாலம் தர முடியுமென்றால் கீழே எழுதுங்கள். பெட்டியைப் பார்க்க இரண்டாவது ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும்.